நின்றுபோன ஓடையும் செய்தி இல்லாத நாளும்: தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடையொன்றின் முகப்புப் பக்கம்

நடந்தது

2024 ஆகஸ்ட், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். தண்டையார்பேட்டையில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருப்பவள். வாரா வாரம் வருவாள். வாசலைப் பார்த்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர் திரையில், பல தளங்களின் தலைப்புகளைப் பெட்டி பெட்டியாகக் காட்டும் முகப்புப் பக்கம் இருக்கும். அதில் வேலைவாய்ப்பு வாரியத்தின் அறிவிப்புகள் வரும் ஒரே ஒரு பெட்டியைப் பார்ப்பாள். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் ஒரு தலையசைப்போடு போய்விடுவாள். அன்றைக்கு நேராக கல்லாவுக்கு வந்தாள்.

“அண்ணா, அந்த போர்டு அப்ளிகேஷன் நேத்தோட முடிஞ்சிருச்சாம். ஒரு மாசமா ஓப்பன்ல இருந்துச்சாம். நம்ம பொட்டில வரவே இல்லியேண்ணா?”

கடைக்காரர் அண்ணன் திரையைத் திருப்பிப் பார்த்தார். பெட்டி காலியாக இல்லை. ஐந்து தலைப்புகள் இருந்தன. முதலாவது, ‘விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன’. அதைத் தொட்டால் முந்தைய வருடத்து அறிவிப்பு ஒன்று திறந்தது.

அன்றிரவே எனக்குப் போன் வந்தது. “தம்பி, பொட்டி ஃபுல்லாத்தான் கீது. ஆனா பொய் சொல்லுதுபா.”

அந்தப் பெட்டியைச் சில வருடங்களுக்கு முன் அவருக்குக் கட்டிக்கொடுத்தவன் நான்தான். மென்பொருள் சோதிப்பது என் பிழைப்பு. ஆகவே இதை எழுதுகிறவன் வெளியாள் இல்லை, கேஸில் சம்பந்தப்பட்டவன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்தின் பூர்வீகம்

கடை முதலில் பிரவுசிங் சென்டராக இருந்தது. எட்டு தட்டி அறைகள், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாடகை. 2005 மே மாதம் கூகுள் நிறுவனம் தனக்கென்று அமைத்துக்கொள்ளும் முகப்புப் பக்கம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2007-இல் அதற்கு ‘ஐகூகுள்’ என்று பெயர் வைத்தார்கள். கடையின் எட்டு கம்ப்யூட்டரிலும் உலாவியைத் திறந்தால் அதுதான் வரும். கடிகாரம், வானிலை, இரண்டு மூன்று பத்திரிகைகளின் தலைப்புகள். இடது பக்கம் என்ன, வலது பக்கம் என்ன என்பதை அண்ணன் இழுத்து இழுத்து அமைத்திருப்பார்.

அந்தத் தலைப்புகளைக் கொண்டுவந்து போடுவதுதான் செய்தியோடை. கடையில் எல்லோருக்கும் அது ‘ஃபீடு’. இது பிறந்ததே இப்படிப்பட்ட முகப்புப் பக்கத்துக்காகத்தான் என்பது பலருக்கும் தெரியாது. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் ‘மை நெட்ஸ்கேப்’ பக்கத்தில் மற்ற தளங்களின் தலைப்புகளைக் காட்ட ஆர்.எஸ்.எஸ். என்ற ஓடை வடிவத்தின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ராமநாதன் குகா, நம் ஊர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். அண்ணனிடம் இதைச் சொன்னபோது “அப்ப மெட்ராஸ் சரக்குதான்னு சொல்லு” என்று ரொம்ப சந்தோஷப்பட்டார். 2002-இல் ஆர்.எஸ்.எஸ். 2.0 வந்தது. 2005 டிசம்பரில் ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் தரமாக்கப்பட்டது. ஓடையைப் படிக்கும் கருவிகள் பொதுவாக இரண்டையுமே படிக்கும் என்பதால் இந்தக் குடும்பச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

2013 ஜூலை 1 அன்று, ஓடைகளைப் படிக்கக் கூகுள் வைத்திருந்த கூகுள் ரீடர் நின்றது. அதே வருடம் நவம்பர் 1 அன்று ஐகூகுளும் மூடப்பட்டது. ஓடைகளின் பட்டியலை ஓ.பி.எம்.எல். என்ற ஒரே கோப்பாக எடுத்து இன்னொரு சேவைக்கு மாறினோம். பெயரும் முகவரியும்தான் அந்தக் கோப்பில் போகும், எந்தப் பெட்டி எந்த மூலையில் இருந்தது என்பது போகாது. வீடு மாறும்போது பாத்திரம் வந்துவிடும், எந்தப் பரணில் எது இருந்தது என்பது வராது இல்லையா, அப்படி. அந்தச் சேவையும் பிறகு ஒருநாள் கடையைக் கட்டியது. இப்போது நாம் பேசுவது மூன்றாவது இடத்தில் இருந்த பக்கத்தைப் பற்றி.

எட்டு அறைகள் இன்று இல்லை. மூன்று கம்ப்யூட்டர், இரண்டு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன், ஆதார் பிரின்ட். ஆனால் பெட்டிகள் மட்டும் வளர்ந்துகொண்டே போயின. 2024-இல் எண்ணிக்கை 63. அண்ணன் அவற்றுக்கு ‘அறுபத்துமூவர்’ என்றே பெயர் வைத்திருந்தார். திருவொற்றியூர் கோயிலில் விளக்கெரித்த கலிய நாயனார் யார் என்று கேட்டால் வானிலைப் பெட்டியைக் காட்டுவார், அது அணையக் கூடாதாம்.

என்னென்ன இருந்தன

இந்தப் பட்டியலை நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். தொழில்நுட்பத்துக்காகத் தொடங்கி, வேறு காரணத்துக்காக முடித்தேன்.

காசிமேட்டு ஏல விலையை எழுதும் ஒரு தளம். லாஞ்சுக்காரர்கள் ரசீது ஜெராக்ஸ் எடுக்க வரும்போது பார்ப்பார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். அப்ரண்டிஸ் அறிவிப்பைச் சொல்லும் வேலைவாய்ப்புத் தளங்கள், நான்கு. வியாசர்பாடிப் பையன்களுக்காக ஃபுட்பால். கேரம், அதற்கென்று இரண்டு பெட்டி. கானா பாடுகிறவர்களின் யூடியூப் சேனல்கள். யூடியூபில் ஒவ்வொரு சேனலுக்கும் ஓடை உண்டு, கடைசி 15 வீடியோவை அது தரும். இதை உலகத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை என்று நினைத்திருந்தேன், இந்தக் கடையில் ஒன்பது பெட்டி அதுதான்.

‘எண்ணூர்’ என்ற சொல் வரும் செய்திகளை மட்டும் தேடித் தரும் ஒரு பெட்டியும் இருந்தது. அது சேர்க்கப்பட்டது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவிய மாதம். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அண்ணனின் மச்சினி வீடு அங்கேதான்.

ஒருவர் 20 வருடத்தில் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார் என்பதற்கு இதைவிட நல்ல நாட்குறிப்பை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் கடைக்கு வந்து எதையோ கேட்ட ஒரு ஆள் இருக்கிறார்.

முதலில் தேடிய தப்பான இடம்

முதல் நாள் சாயங்காலம் முழுவதையும் வீணடித்தேன். உலாவி பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு காட்டுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். சேமிப்பை அழித்தேன், வேறு உலாவியில் திறந்தேன், என் போனில் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே ஐந்து தலைப்பு. கடை நெட் மேலும் சந்தேகப்பட்டேன். வடசென்னையில் எது நடந்தாலும் நெட்டைத்தான் முதலில் திட்டுவோம், பழக்கதோஷம்.

மறுநாள்தான் புத்தி வந்தது. பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது, பக்கத்துக்கு வந்து சேரும் ஓடைகளை நேரடியாகக் கேட்க வேண்டும். பட்டியலை எடுத்து, பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி, 63 முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒவ்வொன்றிடமும் கேட்டது மூன்று: கதவைத் திறக்கிறாயா? கொடுப்பது ஒழுங்கான ஓடைதானா? உன்னிடம் இருக்கும் கடைசிச் செய்திக்கு என்ன தேதி?

எண்ணியபோது

38 ஓடைகள் உயிரோடு இருந்தன. 25 இல்லை.

25-இல் 14, எழுதியவர்கள் நிறுத்திவிட்ட வலைப்பூக்களும் காலாவதியான தளங்களும். இது இயல்பு. நான்கு தளங்கள் ஓடை கொடுப்பதையே விட்டுவிட்டன. பழைய முகவரிக்குப் போனால் ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200 என்ற பதிலோடு தளத்தின் முதல் பக்கத்தைக் காட்டுகின்றன. மூன்று தளங்கள் 403 என்று கதவைச் சாத்தின. மனிதர்கள் வருவதற்கு வழிவிட்டு இயந்திரங்கள் வருவதைத் தடுக்கும் காவலாளியை வைத்திருக்கிறார்கள், அந்தக் காவலாளிக்கு ஓடை படிக்க வரும் இயந்திரமும் திருடன்தான். இந்த மூன்றில் ஒன்று அண்ணனின் வானிலைப் பெட்டி. அதில் கடைசிச் செய்தியின் தேதி 2024 ஜனவரி. ஏழு மாதமாக யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அதன் முதல் தலைப்பு ‘சென்னையில் லேசான மழைக்கு வாய்ப்பு’. எந்த மாதத்தில் படித்தாலும் நம்பக்கூடிய வாக்கியம்.

இன்னும் இரண்டு, எனக்கு மிகவும் பிடித்த கோளாறு. இரண்டும் தமிழ்ச் செய்தித் தளங்கள். “சில நாள் வரும், சில நாள் வராது, மூட் பாத்து வரும்” என்று அண்ணன் சொல்லியிருந்தார். காரணம் மூட் இல்லை, பைட். யூனிகோடில் சேமிக்கும்போது ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. ‘மீன்’ என்ற சொல்லில் ம, ஈகாரச் சுழி, ன, புள்ளி என்று நான்கு குறிகள், மொத்தம் 12 பைட். அந்தத் தளங்களின் நிரல், செய்திச் சுருக்கம் நீளமாக இருந்தால் இத்தனை பைட்டோடு வெட்டு என்று கத்திரி வைத்திருந்தது. ஆங்கிலத்தில் எங்கே வெட்டினாலும் முழு எழுத்துதான் மிஞ்சும். தமிழில் கத்திரி ஒரு எழுத்தின் வயிற்றில் இறங்கிவிடும். அரைகுறையாக நிற்கும் அந்த ஒரு எழுத்தால் ஓடை முழுவதும் செல்லாததாகிவிடும், ஏனென்றால் ஓடைகள் எழுதப்படும் எக்ஸ்.எம்.எல். மொழியின் விதிப்படி ஒரு பிழை இருந்தாலும் படிப்பவர் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சுருக்கங்கள் சின்னதாக இருக்கும் நாளில் கத்திரிக்கு வேலை இல்லை, ஓடை வரும். நீளமான செய்தி ஒன்று வந்தால், அது பட்டியலிலிருந்து கீழே இறங்கும்வரை எல்லாமே நிற்கும். என் நிரல் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பில் இப்படிக் கெட்டுப்போன ஓடைகளுக்கு ‘போஸோ’ என்று ஒரு முத்திரை உண்டு. கோமாளியின் பெயர். கோமாளி யார் என்பதில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது.

கடைசி இரண்டு, நான் கட்டிய பெட்டிகள். அந்த வேலைவாய்ப்பு வாரியத்தின் தளத்தில் ஓடையே கிடையாது. அதனால் அந்தப் பக்கத்தை அவ்வப்போது திறந்து பார்த்து, அறிவிப்பு அட்டவணையின் வரிசைகளைப் பிடுங்கி ஓடையாக மாற்றித் தரும் ஒரு சேவையை வைத்துக் கட்டியிருந்தேன். வாரியம் தளத்தைப் புதுப்பித்தது. அட்டவணை இருந்த இடத்தில் வேறொன்று வந்தது. நான் எழுதிய விதி தேடிய இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று அந்தச் சேவை கத்தவில்லை. ‘செய்திகள்: பூஜ்ஜியம்’ என்று ஒழுங்கான, பிழையில்லாத ஒரு காலி ஓடையைக் கொடுத்தது. காலி ஓடையைப் பெற்ற முகப்புப் பக்கம், புதிதாக ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு பழைய ஐந்து தலைப்பையே வைத்துக்கொண்டது.

அந்தப் பெண்ணின் ஒரு மாதம் போனது இப்படித்தான்.

யார் தப்பு

கேட்காமல் விட முடியாது, கடையில் எல்லோரும் கேட்டார்கள்.

தளத்தைப் புதுப்பித்தவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் எனக்கு எந்த வாக்கும் தரவில்லை. முகப்புப் பக்கச் சேவை பழைய தலைப்புகளை வைத்திருந்ததிலும் ஒரு நியாயம் உண்டு. ஒரு மணி நேரம் ஒரு தளம் படுத்துவிட்டால் பெட்டி உடனே காலியாகக் கூடாது. ஆனால் அது எவ்வளவு பழையது என்று சொல்லாமல் வைத்திருந்ததில் நியாயம் இல்லை. அதிலும் ஒரு கொசுறு: தலைப்புக்குப் பக்கத்தில் தேதி காட்டும் வசதி அந்தச் சேவையில் இருந்தது. 63 பெட்டி ஒரே திரையில் அடங்க வேண்டும் என்று அதை அணைத்தவர் அண்ணன். “நான்தான் எட்த்தேன்பா” என்று அவரே சொன்னார். விதியை எழுதிவிட்டு, அது ஒருநாள் உடையும் என்பதற்கு ஏற்பாடு செய்யாமல் போனவன் நான். சோதனை செய்து சம்பளம் வாங்குகிறவன் செய்யக்கூடாத தப்பு.

இதில் வேதனையான வேடிக்கை ஒன்று உண்டு. செய்தி இல்லாததற்கும் ஓடை நின்றுபோனதற்கும் உள்ள வித்தியாசம், அடியில் இருக்கும் நெறிமுறைக்கு, அதாவது கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் விதிகளுக்கு, நன்றாகவே தெரியும். முகப்புப் பக்கம் ஓடையைக் கேட்கப் போகும்போது ‘போனமுறை பார்த்ததற்குப் பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?’ என்று கேட்கலாம். மாறவில்லையென்றால் சர்வர் 304 என்று ஒரு பதில் சொல்லும். இருக்கிறேன், புதிதாக ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மெட்ரோ வாட்டர் லாரி வந்து நின்று ‘இன்னிக்கு தண்ணி இல்ல’ என்று சொல்வது ஒன்று, லாரியே வராமல் இருப்பது வேறு. முதலாவதில் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டாவதில் யாருக்காவது போன் போட வேண்டும். சர்வர் தெளிவாகச் சொல்லும் இந்தச் சேதியைத்தான் பெட்டி விழுங்கிவிடுகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன.

செய்தது

கடையில் சும்மா கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் பக்கத்தை நாங்களே வைத்துக்கொண்டோம். மணிக்கு ஒருமுறை என் நிரல் எல்லா ஓடைகளையும் கேட்டு வரும். பெட்டியின் தோற்றம் பழையபடிதான். அடியில் மட்டும் சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘கடைசிச் செய்தி 3 நாள் முன். கதவு திறந்தது 40 நிமிடம் முன்.’ பக்கத்தைப் பிடுங்கித் தரும் பெட்டிகளில் பூஜ்ஜியம் வரிசை கிடைத்தால், அதைச் செய்தி இல்லை என்று கொள்ளாமல் கோளாறு என்றே கொண்டு பெட்டி சிவப்பாகும்.

வானிலைக்கு வேறு ஊற்றைத் தேடினோம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ தளம் எச்சரிக்கைகளை ஓடையாகவே தருகிறது. அது பயன்படுத்தும் எச்சரிக்கை வடிவத்தில், அந்த எச்சரிக்கை எத்தனை மணிவரை செல்லும் என்பதையும் எழுத இடம் உண்டு. நேரம் முடிந்தால் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம். சாதாரணச் செய்தி ஓடையில் எந்தத் தலைப்புக்கும் இப்படி ஆயுள் எழுதப்படுவதில்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறிய ராத்திரி அந்தப் பெட்டி அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தது. அதற்காக அன்றைக்குக் காசிமேட்டில் யாரும் இந்தப் பெட்டியை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறும், ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவிடுவார்கள். கடலுக்குப் போகிறவர்கள் ஒரே வாயை நம்புவதில்லை.

எத்தனை நாள் பேசாமல் இருந்தால் சிவப்பு? இங்கேதான் நான் மறுபடியும் சறுக்கினேன். ஒவ்வொரு ஓடையிலும் இரண்டு செய்திக்கு இடையில் வழக்கமாக எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு, அதைப்போல மூன்று மடங்கு தாண்டினால் சிவப்பு என்று வைத்தேன். கேரம் பெட்டி மாசக்கணக்கில் தூங்கும். 2024 நவம்பரில் செரியன் நகர் காசிமா அமெரிக்காவில் உலகக் கோப்பை கேரத்தில் மூன்று தங்கம் வென்றபோது ஒரே வாரத்தில் பொங்கி வழிந்தது. என் கணக்கு அந்த வாரத்தை நம்பிவிட்டது. அடுத்த பத்து நாளில் பெட்டி சிவப்பு.

அதைவிட மோசம், 2025 ஏப்ரல் கடைசியில் ஏல விலைப் பெட்டி சிவந்தது. பதறிப்போய்த் தளத்தின் முகவரி, கதவு, எக்ஸ்.எம்.எல். எல்லாவற்றையும் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, தடைக்காலம்பா. லாஞ்சே போவல, வெல எங்கேர்ந்து வரும்?” கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான்.

அதற்குப் பிறகு கணக்கைத் தூக்கிப்போட்டேன். ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை நாள் என்பதை அண்ணனே சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். ஐ.சி.எஃப். பெட்டிகள் இத்தனை, மெட்ரோ இத்தனை, கானாப் பையன் ஒருத்தன் புரட்டாசியில் பாட்டுப் போடமாட்டான், ஏல விலைக்குத் தடைக்காலம் கழித்து. பட்டியல் அவருக்கு மனப்பாடம்.

இப்போது

63-இல் 45 மிஞ்சியிருக்கின்றன. ஓடையை நிறுத்திய நான்கில் இரண்டுக்குப் புது முகவரி கிடைத்தது. தமிழை வெட்டிய தளங்கள் இரண்டுக்கும் எழுதினேன். ஒன்று ஒரே வாரத்தில் சரிசெய்துவிட்டு நன்றி சொன்னது, இன்னொன்று இன்றும் மூட் பார்த்துத்தான் வருகிறது.

அந்தப் பெண் இப்போதும் வருவாள், பிரின்ட் எடுப்பாள். பெட்டியைப் பார்ப்பதில்லை. வாரியத்தின் தளத்தைத் தன் போனிலேயே திறந்து பார்த்துக்கொள்கிறாள். அடியில் எழுதியிருக்கும் வரியை ஒருமுறை அவளுக்கு விளக்கப் போனேன். “பரவால்லண்ணா, நானே பாத்துக்கறேன்” என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

நின்றுபோன வலைப்பூக்களை நீக்கும்போது ஒன்றை மட்டும் அண்ணன் தடுத்தார். பழைய வண்ணாரப்பேட்டை பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒருவருடையது. எங்கள் கடையில்தான், மூன்றாவது தட்டி அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்வார். ராயபுரம் ஸ்டேஷன் 1856-இல் கட்டியது, சென்ட்ரலுக்கு முன்னாடியே வந்தது என்று அவர் எழுதித்தான் எனக்குத் தெரியும். அவர் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. பெட்டியில் அவருடைய கடைசி ஐந்து தலைப்புகள் அப்படியே இருக்கின்றன.

“இதுக்கு எத்தினி நாள்ணா போடட்டும்?” என்று கேட்டேன். நிரல் ஏதாவது ஒரு எண்ணைக் கேட்கும், காலியாக விட முடியாது.

அண்ணன் ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. “செவப்பு வராத மாரி போடுபா.”

36500 என்று போட்டேன்.